பாவம், மன்னிப்பு, மீட்பு: தமிழ்க் கிறித்துவச் சொல்வழக்கின் வரலாறு

முன்னுரை

சமயங்கள் நாடு விட்டு நாடு செல்லுங்கால் முதலிற் சோதனைக்கு உள்ளாவன அவற்றின் சொற்களேயாகும். கோயிலை எழுப்பக் கல்லும் மரமும் எங்கும் கிடைக்கும். கோட்பாட்டை எழுப்பத் தேவைப்படும் சொற்களோ அம்மண்ணில் ஏற்கெனவே வேறொரு பொருளில் வழங்கிக் கொண்டிருக்கும். அவற்றை எடுத்தாள்வதா, விடுத்துப் புதியன படைப்பதா, மூலமொழிச் சொற்களையே கொணர்வதா என்னும் வினா சமயப் பரப்புநர் அனைவரையும் எதிர்கொண்டதாகும்.

கிறித்துவ சமயத்தின் நடுநாயகமான செய்தி, மனிதன் பாவத்திற்கு உட்பட்டவன் என்பதும், இயேசு கிறித்துவின் சிலுவைச் சாவினாலும் உயிர்ப்பினாலும் அவனுக்கு மன்னிப்பும் மீட்பும் அருளப்படுகின்றன என்பதுமாகும். இச்செய்தி தமிழில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றது. எனினும் ஒரே சொற்களால் அது சொல்லப்படவில்லை. ஒருவர் 'இரட்சிப்பு' என்றதை மற்றவர் 'மீட்பு' என்றனர். ஒருவர் 'பொறுத்தருளும்' என்று வேண்டியதை மற்றவர் 'மன்னியும்' என்று வேண்டினர். இவ்வேறுபாடுகள் வெறும் நடை வேறுபாடுகளா, அன்றிப் பொருள் வேறுபாடுகளா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறையியல் வழக்குகளுக்குத் தீர்ப்புக் கூறுவது நமது பணியன்று. சொற்களின் வரலாற்றினூடே, ஒரு சமயச் செய்தியைத் தமிழ் எவ்வாறு ஏற்றது, ஏற்கையில் அதனை எவ்வாறு தன்வயமாக்கிற்று என்பதைக் காண்பதே நாம் மேற்கொண்ட பணியாகும்.

1. மூலச் சொற்கள்

தமிழ்ச் சொற்களை நோக்குமுன் அவை எவற்றுக்கு நிகராக நிறுத்தப்பட்டன என்பதை அறிதல் வேண்டும். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதிற் பாவத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல் 'ஹமர்த்தியா' என்பதாகும். குறி தவறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். எய்த அம்பு இலக்கை அடையாது போவது போல, மனித வாழ்வு தான் அடைய வேண்டிய இடத்தை அடையாது போதலை அச்சொல் உணர்த்தும். மன்னிப்பைக் குறிக்கும் 'ஆபெசிசு' என்பதற்கு விடுவித்தல், போகவிடுதல் என்பன பொருள்களாம். கடனாளியின் கடனைத் தள்ளுபடி செய்வதற்கும், கட்டுண்டவனை அவிழ்த்து விடுவதற்கும் அதுவே சொல்லாகும்.

மீட்பைப் பொறுத்தவரை இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'சோத்தேரியா' என்பது ஆபத்தினின்று காத்தலையும் நலம் பெறுதலையும் குறிக்கும். 'அப்போலுத்துரோசிசு' என்பதோ விலை கொடுத்து அடிமையையோ சிறைப்பட்டவனையோ விடுவித்தலைக் குறிக்கும். முன்னது காப்பு, பின்னது விலை கொடுத்துப் பெறும் விடுதலை. இவற்றோடு, பழைய ஏற்பாட்டு எபிரேய மொழியிற் பாவத்தை மூடுதல், துடைத்தல் என்னும் கருத்தமைந்த பலிச் சடங்குச் சொற்களும் உண்டு. ஆகவே மூலத்திலேயே பாவம் என்பது ஒரே உருவகத்தில் அடங்கவில்லை. அது குறி தவறுதல், அது கடன், அது கட்டு, அது கறை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவற்றுள் எவ்வுருவகத்தைத் தேர்ந்தனர் என்பதே நமது வரலாற்றின் உள்ளீடாகும்.

2. தமிழ் மண்ணில் இருந்தவை

கிறித்துவம் வந்த காலத்துத் தமிழ், இப்பொருள் பற்றி வாய் பேசாத மொழியன்று. வினைக்கொள்கை சங்க காலத்திலேயே தமிழரால் அறியப்பட்டிருந்தது. வள்ளுவர் தீவினையச்சத்திற்கென ஓர் அதிகாரத்தையும் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரத்தையும் வகுத்துள்ளார். சைவ சித்தாந்தம் உயிரைப் பிணித்துள்ள ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களை விளக்கி, அவற்றினின்று விடுபடுதல் இறைவன் திருவருளாலன்றி இயலாது என்று நிறுவிற்று. வைணவம் சரணாகதியைப் போற்றிற்று. மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பமும், பிழை பொறுக்குமாறு இறைஞ்சும் பட்டினத்தார் பாடலும் தன் குற்றத்தை உணர்ந்த உள்ளத்தின் குரல்களேயாகும்.

இங்கு நாம் சிறப்பாகக் கருத வேண்டுவது புறநானூற்றின் முப்பத்து நான்காம் பாடலாகும். ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய அப்பாடலிற் கொடிய பாவங்கள் சில எண்ணப்படுகின்றன. அவற்றைச் செய்தார்க்கும் 'கழுவாய்' உண்டு. செய்ந்நன்றி கொன்றார்க்கோ உய்தி இல்லை என்பது அதன் கருத்து. வள்ளுவரும் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் இக்கருத்தையே 'உய்வு' என்னும் சொல்லால் உரைக்கின்றார். பாவத்தைக் கழுவுதற்கு வழியுண்டு என்னும் எண்ணமும், அவ்வழி ஓர் எல்லையில் அடைபட்டு விடுகின்றது என்னும் எண்ணமும் தமிழில் ஒருங்கே வேரூன்றி இருந்தன என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஓர் அடிப்படை வேற்றுமையை மறத்தலாகாது. தமிழில் 'பாவம்' என்பது 'புண்ணியம்' என்பதன் எதிர்ச்சொல். இவ்விரண்டும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகள். பாவம் செய்தவன் அதன் பயனை நுகர்ந்தே தீர வேண்டும். இப்பிறவியில் இன்றேல் மறுபிறவியில். கிறித்துவம் உரைத்த பாவமோ முதன்மையாக ஓர் ஆளுக்கு எதிரான குற்றம். தந்தையாகிய கடவுளோடு கொண்ட உறவின் முறிவு. ஊதாரி மைந்தன் உவமையில் இளைய மகன் செய்த பாவம் செல்வத்தை அழித்தது மட்டுமன்று; தந்தையின் வீட்டை விட்டு நீங்கியதுமாகும். மன்னிப்பும் கணக்குத் தீர்தலாக வரவில்லை. தொலைவிலேயே மகனைக் கண்டு ஓடிவந்து தழுவிக்கொண்ட தந்தையாகவே வந்தது. 'பாவம்' என்ற சொல்லை எடுத்தாண்ட ஒவ்வொருவரும் துலாக்கோலின் தட்டிலிருந்து அச்சொல்லை எடுத்து அவ்வீட்டின் வாயிலில் வைக்க வேண்டியவராயினர்.

3. முத்துக்குளித்துறை: கொணர்ந்த சொற்களின் காலம்

தமிழகத்தின் தென்கடற்கரைப் பரதவர் 1536, 1537ஆம் ஆண்டுகளையொட்டிப் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியமை இதற்குப் பெருங்காரணமாயிற்று என்பது வரலாற்றாசிரியர் கருத்து. எனவே திருமுழுக்கு முன்னும் போதனை பின்னுமாக அமைந்தன. 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழறியாதவர். உள்ளூரார் சிலர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்து, ஊரூராகச் சென்று ஒப்புவித்தார்.

அவர் 1544இல் தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்று மொழிபெயர்ப்பு வரலாற்றில் நினைக்கத்தக்கது. விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று தாம் சொல்லிவந்ததாகவும், அது பிழையென அறிந்து 'விசுவாசம்' என்னும் சொல்லாற் திருத்த வேண்டுமென்றும் அதில் அவர் குறிப்பிடுகின்றார். சிரித்துவிட்டுக் கடந்து செல்லத்தக்க பிழையன்று இது. நம்புதலும் வேண்டுதலும் வெவ்வேறு என்று உணர்ந்த அக்கணத்தில், மீட்பைப் பற்றிய கிறித்துவப் போதனையின் அச்சாணியான விசுவாசம் தமிழில் தன் சொல்லைத் தேடத் தொடங்கிற்று எனலாம்.

அத்தேடலை முறைப்படுத்தியவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் அன்ரீக்கே அன்ரீக்கசு ஆவார். 1520இல் போர்த்துக்கலிற் பிறந்து 1600இல் மறைந்த அவர், தம் வாழ்வின் பெரும்பகுதியை அக்கரையிலேயே கழித்தார். 1554இல் இலிசுபனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூல் முன்னோடியாக அமைய, அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இற் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூல், இந்திய மொழி எழுத்தில் அச்சாகிக் கிடைப்பனவற்றுள் முதலாவதாகும். அடுத்த ஆண்டிற் 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது.

நமது பொருளுக்கு இன்றியமையாதது 1580இல் வெளிவந்த 'கொம்பெசியொனாயரு' ஆகும். பாவத்தை அறிக்கையிடுவோர்க்கு உதவும் கையேடு அது. தமிழில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்று பாவ அறிக்கை பற்றியதாக அமைந்தமை தற்செயலன்று. பாவமன்னிப்பு ஓர் அருட்சாதனமாகக் கருதப்பட்டதால், செய்த குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் குருவுக்கு அது விளங்க வேண்டும். இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றால் மறைபொருள் எவ்வாறு மறைபொருளாக நிற்கும்? அடிகளார் தமிழை முயன்று கற்றதற்கு இத்தேவையும் ஒரு காரணமாயிருந்திருக்க வேண்டும்.

இருப்பினும் சடங்குகளின் பெயர்களை அவர் தமிழாக்கத் துணியவில்லை. நூலின் பெயரே போர்த்துக்கீசியச் சொல்லாக நின்றது. தூய ஆவி, திருப்பலி, திருச்சபை முதலியவற்றுக்கும் போர்த்துக்கீசியச் சொற்களே தமிழ் ஒலியேற்று வழங்கின. பிற சமயப் பொருள் கலந்துவிடலாகாது என்னும் அச்சமே இதற்குக் காரணமெனலாம். விளைவு யாதெனில், மன்னிப்பு என்னும் கருத்து தமிழிலும், அதனை அடையும் வழி அயல்மொழியிலுமாக அமைந்தன.

4. மதுரை: நொபிலியின் திருப்பம்

இந்நிலையை மாற்றியவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி (1577–1656) ஆவார். 1606இல் மதுரைக்கு வந்த அவர், துறவிக்கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் பயின்று, கற்றோரோடு அவர்தம் சொற்களாலேயே வாதிட்டார். அவர்தம் முறைமை பற்றி எழுந்த வழக்கில், 1623இற் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை அவருக்குச் சாதகமாக ஆணையிட்டார்.

நொபிலி வழிவந்த கத்தோலிக்கச் சொல்வழக்கைக் காணின் அதன் துணிவு புலப்படும். கடவுள் 'சருவேசுரன்' ஆனார். அருள் 'வரப்பிரசாதம்' ஆயிற்று. பாவ அறிக்கை 'பாவசங்கீர்த்தனம்' என வழங்கிற்று. 'சங்கீர்த்தனம்' என்பது இறைவன் நாமத்தைப் பாடிப் போற்றுதற்கு வழங்கிய சொல். இங்கு அது தன் குற்றத்தை முழுவதும் எடுத்துரைத்தலைக் குறிக்கலாயிற்று. பாவத்தின் வகைகளும் சாவான பாவம், அற்பப் பாவம் எனவும், சென்மப் பாவம், கர்மப் பாவம் எனவும் பெயர் பெற்றன.

இறுதியிற் குறித்த இரு தொடர்களிற் சிறிது தங்க வேண்டியுள்ளது. ஆதித் தந்தையாகிய ஆதாமிடமிருந்து மனிதகுலம் முழுமைக்கும் வந்த பிறப்புநிலைப் பாவம் 'சென்மப் பாவம்'; ஒருவர் தாமே அறிந்து செய்வது 'கர்மப் பாவம்'. ஆனால் 'சென்மம்', 'கர்மம்' ஆகிய இரண்டும் மறுபிறவிக் கொள்கையின் உயிர்நாடியான சொற்களாகும். 'சென்மப் பாவம்' என்று கேட்ட புதியவர் ஒருவர், முற்பிறப்பிற் செய்த பாவம் என்று அதனை விளங்கிக்கொள்ளத் தடையேதும் இல்லை. நொபிலி மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் நூலைத் தனியே எழுத வேண்டியிருந்தமையை இப்பின்னணியிலும் நாம் காணலாம். சொல்லை ஏற்றுக்கொண்டவர், அச்சொல்லோடு ஒட்டிவந்த கொள்கையை நூலெழுதி அறுக்க வேண்டியவரானார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் (1680–1747) இவ்வழியை இலக்கியமாக உயர்த்தினார். 1726இல் நிறைவெய்திய தேம்பாவணி, வளனாகிய சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு, மீட்பின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபிற் பொருத்திற்று. இதனால் கோட்பாட்டு நூல்களில் மட்டும் வழங்கிய சொற்கள் கவிதையிற் குடியேறின.

5. தரங்கம்பாடியும் தஞ்சையும்

1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியிற் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719), செருமனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் வழிவந்தவர். 'விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாதல்' என்னும் லுத்தரின் போதனையும், ஒவ்வொருவரும் தம் பாவத்தைத் தாமே உணர்ந்து மனந்திரும்ப வேண்டும் என்னும் வற்புறுத்தலும் அவ்வியக்கத்தின் அடையாளங்கள். குருவிடம் அறிக்கையிடுதலைக் காட்டிலும் வேதத்தைத் தானே வாசித்தறிதல் அங்கு முன்னிடம் பெற்றது. ஆகவே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்குதல் அவருக்கு முதற் கடமையாயிற்று. 1708இல் தொடங்கி 1711இல் முடித்த அம்மொழிபெயர்ப்பு 1715இல் முழுமையாக அச்சேறிற்று.

முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் சிறார்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர் சீகன்பால்கு. ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். அறநூல்கள் சிலவற்றைச் செருமானியத்தில் ஆக்கினார். தமிழர் சிலரிடம் அவர்தம் சமயக் கருத்துகளைக் கடிதங்கள் வாயிலாகக் கேட்டுப் பெற்றதும், அக்கடிதங்கள் ஹாலேயில் வெளியானதும் நன்கறியப்பட்ட செய்திகள். தமது செய்தியை உரைப்பதற்கு முன் எதிரில் இருப்பவர் அச்சொற்களை எவ்வாறு விளங்கியிருக்கின்றார் எனக் கேட்டறியும் நன்மரபு இதனால் உருவாயிற்று.

அவருக்குப் பின் பிலிப்பு பப்ரீசியசு (1711–1791) சென்னை வேப்பேரியிலிருந்து பணியாற்றினார். 1772இல் வெளிவந்த அவரது புதிய ஏற்பாடும், செருமானியப் பாடல்களின் தமிழாக்கமும், 1779ஆம் ஆண்டு அகராதியும் லுத்தரன் சபையாரின் நாவில் நிலைத்தன. கடவுளைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'பராபரன்'.

அடுத்த தலைமுறையில் வந்த இரேனியசு (1790–1838), 1827இல் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் நெறிகள் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் புதிதாகச் செய்த மொழிபெயர்ப்புக்குத் தஞ்சைச் சபையாரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர்களுள் முதன்மையானவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ச்சு ஐயரின் மாணவரும், குறவஞ்சி என்னும் சிற்றிலக்கியத்தைக் கிறித்துவப் பொருளுக்கு ஆக்கிப் 'பெத்தலகேம் குறவஞ்சி' பாடியவருமான அவர், தமிழ்ச் சுவை அறியாமல் எதிர்த்தவரல்லர். தலைமுறை தலைமுறையாக மன்றாடிய சொற்களை, பின்வந்தோர் இலக்கணம் காட்டி மாற்ற முற்பட்டதையே அவர் எதிர்த்தார்.

இவ்வழக்கிற் புதைந்துள்ள வினா சிறிதன்று. வேதச்சொல் யாருடையது? மூலமொழி அறிந்த அறிஞருடையதா? அச்சொல்லால் அழுது மன்னிப்புக் கேட்டவருடையதா? பாவத்தை உணர்ந்து ஒருவர் வேண்டுகையில் அவர் அகராதியைப் புரட்டுவதில்லை. தாய் சொல்லிக் கொடுத்த சொல்லே வாயில் வரும். சாஸ்திரியாரின் எதிர்ப்பு இவ்வுண்மையை நமக்கு நினைவூட்டுகின்றது. அதே வேளையில், சாஸ்திரியார் காத்து நின்ற சொற்களும் ஒரு காலத்திற் புதியனவாக நுழைந்தவையே என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

6. யாழ்ப்பாணமும் நெல்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பார்சிவலின் தலைமையில் வேதாகமம் மீண்டும் தமிழாக்கப்பட்டது. அதிற் பெரிதும் துணை நின்றவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு சபைகளால் பொதுவாக ஏற்கப்படவில்லை. எனினும் அதன் வழி நாவலர் விவிலியத்தை நுணுகிக் கற்றார். 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில், சைவச் சடங்குகளைக் கண்டித்தோர்க்கு விவிலியத்துச் சடங்குகளையே ஒப்புக்காட்டி விடையிறுத்தார். பழைய ஏற்பாட்டிற் பாவநிவாரணத்திற்கென விதிக்கப்பட்ட பலிகளையும் தூய்மைச் சடங்குகளையும் அறிந்த ஒருவருக்கு, கழுவாய் என்னும் கருத்து இரு சமயத்திற்கும் பொதுவானது என்பது எளிதிற் புலப்பட்டிருக்கும். ஒரு சமயத்தின் வேதத்திற்குத் தமிழ் வழங்கிய கையே மற்றொரு சமயத்தின் காவலுக்கு எழுதுகோல் பிடித்தது. தமிழ்ப் புலமை சமய எல்லைகளுக்கு இருபுறமும் நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

என்றி பவரின் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் வாசிக்கப்படுவது இதுவே. இரட்சிப்பு, இரட்சகர், கிருபை, பாவமன்னிப்பு, நீதிமான், கிருபாதாரபலி முதலிய சொற்கள் இதனால் நிலைபேறு பெற்றன. 'சோத்தேரியா'வுக்கு 'இரட்சிப்பு' என்றும், விலை கொடுத்து விடுவித்தலுக்கு 'மீட்பு' என்றும் இம்மொழிபெயர்ப்பு வேறுபடுத்தியது. எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரம் ஏழாம் வசனத்தில் பாவமன்னிப்பும் மீட்பும் ஒரே பொருளென இயைத்துக் கூறப்படுவதைக் காணலாம்.

இச்சொல்வழக்கு இலக்கிய முழுமை பெற்றது எச். ஏ. கிருட்டிண பிள்ளையிடமாகும் (1827–1900). திருநெல்வேலிக்கு அருகிற் கரையிருப்பில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பனிற் தோய்ந்து, 1858இற் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். சான் பனியனின் 1678ஆம் ஆண்டு ஆங்கில நூலைத் தழுவி 1894இல் அவர் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்', ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களாற் காப்பியமாக விரிந்தது.

பனியனின் நூலில் பாவம் முதுகிற் கட்டப்பட்ட ஒரு சுமை. அதனை யாத்திரிகன் தானே அவிழ்த்தெறிய இயலாது. சிலுவையின் அடியை அடைந்ததும் அது தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகின்றது. இவ்வுருவகம் தமிழில் வருகையில் நிகழ்வது யாது? சுமை சுமப்பவன் எனும் காட்சி தமிழர்க்குப் புதிதன்று. வினைச் சுமையை இறக்கி வைக்குமாறு வேண்டுவதும் புதிதன்று. ஆனால் அச்சுமை நுகர்ந்து கழிவதன்று. பிறரொருவர் ஏற்றுக்கொண்டமையால் நீங்குவது என்பதே புதிது. வைணவத்தின் சரணாகதிக் கருத்தில் ஊறிய உள்ளம் இதனை அயலான செய்தியாகக் கருதாமல், தான் நெடுநாள் தேடியதன் விடையாகக் கண்டிருக்கக் கூடும். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி போல் இறைவனே உயிரைக் காப்பான் என்னும் தென்கலையார் நெறியோடு கிறித்துவ அருட்கொள்கையை ஒப்பிட்டு அறிஞர் ஆராய்ந்துள்ளமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒப்புமை உண்டு என்பதனால் இரண்டும் ஒன்றென்பது பொருளன்று. கிறித்துவம் அவ்வருளை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு சிலுவைச் சாவோடு பிணைத்துக் கூறுவது அதன் தனித்தன்மையாகும்.

7. இரட்சிப்பிலிருந்து மீட்புக்கு

1916ஐ ஒட்டி எழுந்த தனித்தமிழ் இயக்கமும், 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்குத் தந்த இடமும் இருபதாம் நூற்றாண்டில் கிறித்துவத் தமிழைப் பெரிதும் மாற்றின. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்தது. அதில் இரட்சகர் 'மீட்பர்' ஆனார். கிருபை 'அருள்' ஆயிற்று. பாவநிவாரணம் 'பாவக்கழுவாய்' ஆயிற்று. கத்தோலிக்க வழக்கிற் பாவசங்கீர்த்தனமும் 'ஒப்புரவு' என்னும் பெயர் பெற்றது.

இம்மாற்றத்தின் பேற்றையும் இழப்பையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். 'கழுவாய்' என்னும் சொல்லாட்சி பெரும்பேறு. புறநானூற்றுப் புலவன் பாடிய சொல் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் விவிலியத்தில் உயிர் பெற்றுள்ளது. நன்றி கொன்றார்க்குக் கழுவாய் இல்லை என்ற மரபின் சொல்லே, தந்தையின் நன்றியை மறந்து சென்ற மகனையும் ஏற்கும் செய்திக்குக் கருவியாயிற்று. தூய ஆவியாரைப் பழித்துரைக்கும் பாவத்திற்கு மன்னிப்பில்லை என்று மாற்கு நற்செய்தியும் ஓர் எல்லையைக் குறிப்பதை நோக்கின், மன்னிப்பின் எல்லை பற்றிய வினாவை இரு மரபுகளும் எழுப்பின என்பது தெளிவு, விடைகளே வேறு. 'ஒப்புரவு' என்பதும் அவ்வாறே. வள்ளுவர் ஊரார்க்கு உதவும் பண்பைக் குறித்த சொல், முறிந்த உறவு மீண்டும் பொருந்துதலைக் குறிக்கலாயிற்று. பாவம் தனியொருவரின் கணக்கன்று, உறவின் முறிவு என்னும் கருத்தைப் 'பாவசங்கீர்த்தனம்' என்பதினும் இது நன்கு உணர்த்துகின்றது.

'மீட்பு' பற்றி அவ்வாறு முழுவதும் கூறவியலாது. ஆநிரை மீட்டலையும், அடகு வைத்த நகையை மீட்டலையும் ஒருங்கே நினைவூட்டும் வளமான சொல் அது. ஆயின் முன்னர் இரட்சிப்பு, மீட்பு என இருசொல்லாற் குறிக்கப்பட்ட இருகருத்துகள் இப்போது ஒருசொல்லிற் சேர்ந்துவிட்டன. காத்தலுக்கும் விலை கொடுத்து விடுவித்தலுக்கும் இடையேயுள்ள நுண்வேறுபாட்டை இனி உரையாசிரியரே விளக்க வேண்டும்.

8. கடனும் குற்றமும்

கிறித்துவர் அனைவரும் நாள்தோறும் சொல்லும் கர்த்தருடைய செபத்தில் மன்னிப்பை வேண்டும் பகுதி, இவ்வரலாறு முழுவதையும் ஒரு சிறு வட்டத்துள் காட்டும். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அங்கு நிற்பது 'கடன்கள்' என்னும் சொல்; லூக்கா நற்செய்தியில் 'பாவங்கள்'. பவர் மொழிபெயர்ப்பு மத்தேயுவிற் 'கடன்' என்றே வைத்தது. பழைய கத்தோலிக்கச் செபம் 'பாவம்' என்றும் 'பொறுத்தல்' என்றும் கூறிற்று. திருவிவிலியம் 'குற்றம்' என்றும் 'மன்னித்தல்' என்றும் கூறுகின்றது.

பொறுத்தல் என்பது தமிழ் மரபின் பழஞ்சொல். பாரத்தைத் தாங்குதலும் பிழையைத் தாங்குதலும் அதற்குப் பொருள். பொறுப்பவன் பிழையின் சுமையைத் தன்மேல் ஏற்கின்றான். 'மன்னித்தல்' குற்றவாளியை விடுவிக்கின்றது. 'பொறுத்தல்' விடுவிப்பவன் படும் பாட்டையும் சேர்த்துச் சொல்கின்றது. சிலுவையின் செய்திக்கு இச்சொல் எத்துணைப் பொருந்துவது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். 'கடன்' என்பதோ தமிழிற் கடமையையும் கைமாற்றையும் ஒருங்கே குறிக்கும் சொல். செய்ய வேண்டியதைச் செய்யாமையே தீராத கடன் என்னும் பொருள் அதிலிருந்து தானே கிளைக்கின்றது. 'குற்றம்' விளக்கமான சொல்லாயினும் அவ்விரட்டைப் பொருள் அதற்கில்லை.

இவ்விடத்து மலாயாத் தமிழரை நினையாதிருத்தல் இயலாது. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையாரும், மெதடிசுத்தரும், கத்தோலிக்கரும் தத்தம் செபநூல்களோடு இக்கரை வந்தனர். சிங்கப்பூர் ஓபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் அவ்வருகைக்கு நிற்கும் சான்றுகளுள் ஒன்று. கங்காணி முறையில் வந்த தொழிலாளர் பலருக்குப் பயணச் செலவும் முன்பணமும் கடனாகவே எழுதப்பட்டன. அத்தகையோர் 'கடன்களை மன்னியும்' என்னும் பொருள்பட வேண்டுகையில், அச்சொல் அவர்களுக்கு வெறும் உருவகமாக இருந்திருக்காது. கணக்குப் புத்தகத்தில் தன் பெயர் நிற்பதை அறிந்தவனுக்கே, அப்பெயர் அடிக்கப்படுதலின் அருமை விளங்கும். மூலநூல் எழுந்த பாலத்தீன நாட்டுக் கடனாளியின் நிலையை உணர, அவர்களுக்கு உரை வேண்டியிருக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. பதினாறாம் நூற்றாண்டிற் சடங்குச் சொற்கள் அயல்மொழியினின்று அவ்வாறே கொணரப்பட்டன. பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, தமிழகத்துச் சமயங்கள் வழங்கிய வடமொழிச் சார்பான சொற்கள் எடுத்தாளப்பட்டுப் புதுப்பொருள் ஊட்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டிற் பழந்தமிழ்ச் சொற்கள் மீட்டெடுக்கப்பட்டன. எனினும் 'பாவம்' என்னும் ஒருசொல் மட்டும் இம்மூன்று நிலைகளையும் கடந்து மாறாது நிற்கின்றது. யாவரும் ஐயுற்ற அச்சொல்லை யாவராலும் விட முடியவில்லை. துலாக்கோலின் நினைவு அதினின்று முற்றும் நீங்கவில்லை. தந்தை வீட்டின் நினைவும் அதிற் படிந்துவிட்டது. இன்றைய தமிழ்க் கிறித்துவர் அச்சொல்லைக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன எனலாம்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாறு ஒன்றைக் கற்பிக்கின்றது. தேம்பாவணியையோ இரட்சணிய யாத்திரிகத்தையோ வகுப்பிற் பயிற்றுங்கால், 'இரட்சணியம்' என்பதற்கு 'மீட்பு' என்று பொருளெழுதி நகர்ந்துவிடுதல் போதாது. அச்சொல்லின் பின்னே திண்ணைப் பள்ளி ஆசிரியரும், நாவலரும், சாஸ்திரியாரும், பெயரறியாக் கடற்கரை மக்களும் நிற்கின்றனர். அவர்கள் அனைவரும் தமிழில் ஒரு வினாவைக் கேட்டனர்: செய்த பிழையினின்று மனிதன் விடுபடுதற்கு வழி உண்டா? அவ்வினா கிறித்துவத்திற்கு மட்டும் உரியதன்று. அதற்குக் கிறித்துவம் தந்த விடையைச் சொல்லத் தமிழ் தேடிய சொற்களோ தமிழர் அனைவர்க்கும் உரிய செல்வமாகும்.